முழு சிக்னல்

ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மழை வந்தால் நெட் போவது ஒன்றும் புதிதில்லை. ஆனால் மழை விட்டு வெகுநேரமாகிவிட்டது. மாடி வீட்டில் நெட்டில் ஏதோ படம் ஓடுவதும், அதற்கு அவர்கள் சிரிப்பதும் கூரை வழியாகக் கேட்டன. அவர்களுக்கும் இதே கம்பெனி, இதே கம்பிதான். இவள் வீட்டுக்கு மட்டும் சிவப்பு.

உள்ளறையில் மகள் காய்ச்சல் மருந்து குடித்துவிட்டுத் தூங்கினாள். இன்னும் விளக்குப் போடாத கூடத்தில், ஈரச்சுவர் வாசனைக்கு நடுவே உட்கார்ந்து, அக்காவுக்குப் போன் போட்டாள். அக்காவுக்கு செல்போன் கடையில் வேலை.

"நெட் இல்லைன்னா உயிரா போயிடும்? பேசாம புள்ளையோட நீயும் படுடி."

"இல்லக்கா. நேத்து ஒரு கால் வந்துச்சு. சாட் ஆப்புல. ஸ்கூல்லேர்ந்துன்னு நெனச்சு எடுத்தேன். யாரும் பேசல."

அக்காவின் கிண்டல் நின்றது. "நான் போட்டுக் குடுத்த செட்டிங் இருக்குல்ல?"

"அத எடுத்துட்டேன்க்கா."

புருஷனின் அடிக்குத் தப்பி மகளோடு இந்த ஊருக்கு ஓடிவந்த அன்றே, அக்கா போனை வாங்கி அதைப் போட்டுக் கொடுத்திருந்தாள். ஆப்பில் வரும் கால் நேராக வராது, சுற்றி வரும். புது நம்பர் எப்படியும் அவன் கைக்குப் போய்விடும், யார் நல்லவிதமாகக் கேட்டாலும் அம்மா கொடுத்துவிடுவாள் என்று அக்காவுக்குத் தெரியும். ஆனால் சுற்றி வந்ததில் குரல் வெட்டி வெட்டி விழுந்தது. அம்மாவுக்கோ ஒரு காதுதான் கேட்கும். "நீ பேசறதே கேக்கலடி" என்று அம்மா அழுதாள். அன்றைக்கு மட்டும் என்று அந்த செட்டிங்கை எடுத்துவிட்ட இவள், திரும்பப் போட மறந்தே போனாள்.

"அடிப்பாவி! நேரா கால் எடுத்தா உன் நெட்டோட நம்பர் அவனுக்குத் தெரியும்டி. மத்தவனுக்கு அது வெறும் நம்பர். இவன் நெட் லைன் போடறவன். கம்பெனில ஒரு கூட்டாளி போதும், எந்த வீடுன்னு எடுத்துக் குடுத்துடுவான்."

நேற்றைய கால் அவள் காதில் திரும்ப ஓடியது. வெட்டே இல்லாத, காதுக்குள் உட்கார்ந்திருந்த மௌனம். ஒரு மூச்சு. அப்புறம் டிக், டிக். கம்பி வெட்டும் கட்டரைக் கையில் திறந்து திறந்து மூடுகிற சத்தம். கோபம் ஏறும்போது அவன் அப்படித்தான் செய்வான். ஃபேன் சத்தமாக இருக்கும் என்று நேற்று தன்னையே ஏமாற்றிக்கொண்டாள்.

போன் லேசாக அதிர்ந்தது. திரையில் வைஃபை குறி.

"அப்பாடா, நெட் வந்துடுச்சுக்கா."

ரவுட்டரைப் பார்த்தாள். சிவப்பு.

திரையில் இருந்தது இந்த வீட்டுப் பெயரே இல்லை. 'குட்டிம்மா வீடு.' மகள் பிறந்தபோது பழைய வீட்டு வைஃபைக்கு அவன் வைத்த பெயர். அவள் போன் அதை மறக்கவில்லை. தானாகப் போய் ஒட்டிக்கொண்டது. பெயரை அக்காவிடம் சொன்னாள்.

"அது எப்படிடி அங்க காட்டும்? அந்த ரவுட்டர் பெட்டி பக்கத்துல இருந்தாத்தான் காட்டும்." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "பேட்டரில ஓட்டுறான் போல. எத்தன கோடு?"

"ஒண்ணு."

"கதவத் தெறக்காத. வாசப்பக்கம் போய்ப் பாரு. கோடு ஏறுச்சுன்னா வெளில நிக்கிறான். நான் போலீசுக்குச் சொல்றேன். கட் பண்ணாத."

வாசல் கதவில் முதுகை ஒட்டி நின்றாள். வெளியே வாளியில் நீர் சொட்டியது. திரையைப் பார்த்தாள்.

கோடே இல்லை.

ஒரு கணம் உயிர் வந்தது. அடுத்த கணம் புரிந்தது.

"அக்கா. இங்க இல்லக்கா."

"நல்லதுதானேடி?"

அவள் திரும்பி நடந்தாள். சமையல்கட்டு. ஒரு கோடு. பின்கதவின் தாழ்ப்பாள் விலகியிருந்தது. தரையில் ஈரம். நடை. இரண்டு கோடு. ஈரம் முன்னே போனது. மகளின் அறை.

முழு சிக்னல்.

"ஏய், பேசுடி. என்னடி ஆச்சு?"

கதவைத் தள்ளினாள். மருந்து வாசனை. அதோடு மழையில் நனைந்த சட்டை வாசனை. கட்டிலுக்கு அடியில் பச்சை விளக்குகள் கண் சிமிட்டின.

டிக்.

மகள் அசையாமல் தூங்கினாள். அவள் வலது கை கட்டிலின் ஓரத்தில் கீழே தொங்கியது. அந்தச் சின்ன விரல்களை, கட்டிலுக்கு அடியிலிருந்து நீண்ட ஒரு பெரிய கை மெதுவாகப் பிடித்திருந்தது.