எட்டுத் தகரம்

எட்டாவது தகரத்தின் அடியிலும் பாம்பு இல்லை. ஆனால் புல் அமுங்கிக் கிடந்தது, இப்போதுதான் எவரோ எழும்பிப் போனதுபோல.

நிஷான் எரிச்சலில் பாம்புக் கொக்கியை நிலத்தில் குத்தினான். இன்றோடு மூன்று நாள். வியாழக்கிழமை, ட்ருகனினா என்ற புறநகரில் உள்ள வீட்டின் பின்வளவில், உடுப்புக் காயப்போடும் கொடிக்குக் கீழே கொடிய விஷமுள்ள ஒரு டைகர் பாம்பு ஓடியதை மனைவி டில்ஷா கண்டாள். எட்டு மாதப் பிள்ளை தவழத் தொடங்கிய அதே கிழமை. பாம்பு பிடிக்கிறவர் வந்து, நாலு மூலையும் பார்த்து, ஒன்றும் இல்லை என்று போய்விட்டார்.

நிஷானால் அதைத் தாங்க முடியவில்லை. சனிக்கிழமைகளில் வேலிக்கு அப்பால் உள்ள புல்வெளியில் பாம்பு தேடித் திரிகிறவன் அவன். அதற்கென்றே அங்கே எட்டுத் தகரம் போட்டிருந்தான். வெயிலில் சூடேறும் தகரத்துக்கு அடியில் பாம்பு தானாக வந்து படுக்கும். தூரத்து விளிம்பைத் தன் பக்கமாகத் தூக்க வேண்டும். பாம்புக்கும் தனக்கும் நடுவில் தகரம் மறைப்பாக நிற்கும். அப்படியே இந்தப் பாம்பையும் பிடித்துவிடலாம் என்று, எட்டையும் தூக்கி வந்து வளவிலேயே பரப்பியிருந்தான்.

"காட்டுப் பாம்பெல்லாம் உங்களுக்கு அம்பிடும். வீட்டுப் பாம்பு மட்டும் அம்பிடாது என்ன?" ஜன்னலுக்குள் இருந்து டில்ஷா கேட்டாள்.

"கத்தாதை. தேடுறன்தானே!"

முப்பத்தொன்பது பாகை வெயில். வடக்கிலிருந்து அடித்த காற்றில் காய்ந்த புல்லின் நெடியும் சுட்ட தகரத்தின் நெடியும் கலந்து தொண்டையை அடைத்தன, வியர்வை கண்ணில் எரிந்தது, தகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக டிக் டிக்கென்று முறுகிக்கொண்டிருந்தன. தன்மேல்தான் அவனுக்கு ஆத்திரம். ஒரு பாம்பு. ஒரேயொரு பாம்பு.

ஐந்தரை மணிக்குக் காற்று திசை மாறித் தெற்கிலிருந்து குளிராக அடித்தது. பத்தே நிமிடத்தில் முதுகு வியர்வை குளிர்ந்துவிட்டது. தெரு முழுக்க ஜன்னல்கள் திறபடும் சத்தம் கேட்டது. தகரங்களின் டிக் டிக் நின்றுபோயிற்று.

கடைசியாக ஒருமுறை என்று முதல் தகரத்தைத் தூக்கினான்.

சட்டை. உரித்த பாம்புச் சட்டை, முழுதாக. தொட்டான். ஈரம்.

ஒரு மணி நேரத்துக்கு முன் அது அங்கே இல்லை.

இரண்டாவது தகரம். சட்டை. மூன்றாவது. நாலாவது. எட்டாவதிலும் இருந்தது. எட்டும் ஈரம். எட்டும் ஒரே பக்கமாக, வீட்டின் கண்ணாடிக் கதவை நோக்கி நீண்டு கிடந்தன.

தகரம் குளிர்ந்துவிட்டது. சூடு வேறெங்கே?

திரும்பினான். கண்ணாடிக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

"டில்ஷா! கதவை ஆர் திறந்தது?"

"நான்தான். கூல் சேஞ்ச் வந்து குளிர்ந்திட்டுதெல்லோ, காத்து வரட்டும் எண்டு."

"பிள்ளை எங்கை?"

"ஹோலுக்கை விளையாடுது. ஏனப்பா?"

ஓடினான். வாசலில் கால் நின்றுவிட்டது.

பிள்ளை தன் விளையாட்டு விரிப்பின் நடுவில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தது. தடித்த ரப்பர் விரிப்பு. பகல் முழுக்க வெயில் விழுந்த இடம். அதன் ஒரு மூலை மெல்ல உயர்ந்தது. தணிந்தது. பிறகு எதிர்மூலை.

"அங்கையே நில், டில்ஷா. அசையாதை."

பழக்கத்தில் கை, வாசலோடு கிடந்த விரிப்பின் விளிம்புக்குப் போயிற்று. தன் பக்கமாகத் தூக்க வேண்டும். தூக்கினால் பிள்ளை உருளும். எங்கே உருளும்?

தூக்கவில்லை.

பிள்ளைக்கு முன்னால் ஒரு மேடு எழும்பியது. பிள்ளை ஆசையாக அதைப் பார்த்தது. உள்ளங்கையால் ஓங்கித் தட்டியது.

மேடு தாழ்ந்தது.

விரிப்பில் பிள்ளையைச் சுற்றிலும் இன்னும் ஏழு மேடுகள் எழும்பின. அந்தச் சின்னக் கையை நோக்கி, அவசரமில்லாமல் வரத் தொடங்கின.