சிலிர்க்காதே, சின்னுசாமி

குமாரபாளையம் சின்னுசாமி ஒரே மத்தியானத்தில் நாற்பதாயிரம் பேரை வெட்டிச் சாய்த்தான், வேட்டியில் ஒரு மடிப்புக் கலையாமல். நம்பாதவர்கள் அவன் அக்கா புருஷன் அர்த்தநாரியைக் கேட்கலாம். பிணம் எண்ணியவர் அவர்தான்.

வெட்டியது காகிதத்தில். எண்பத்தைந்தாம் வருசம், கரண்ட் நின்று விசைத்தறிகள் ஓய்ந்த பகல்களில், அர்த்தநாரியின் தறிக்கூடத்தில் தாயக்கட்டை உருட்டி ஆடிய போர் விளையாட்டு அது. சிங்கப்பூரிலிருந்து வந்த புத்தகம் விதி சொல்லும். ஆளுக்கொரு வீரன், அத்தனை பேருக்கும் மேலே படைமுடியான் என்றொரு போர்த்தெய்வம். அச்சடித்த சாமிக்கெல்லாம் பயமா என்று தறி மெக்கானிக் வெள்ளியங்கிரி மட்டும் எகத்தாளம் பேசுவான்.

வேறொரு நாள். அன்றும் கரண்ட் இல்லை. ஆனாலும் கடைசித் தறிப்பக்கம் ஏதோ அடித்துக்கொண்டிருந்தது.

சின்னுசாமியின் வீரன் தோற்கும் நிலை. படைமுடியான் காப்பாற்ற ஒரு தலை வேண்டும் என்றது புத்தகம். தன் தலையையே தருவதாகச் சிரித்துக்கொண்டு குனிந்தான் சின்னுசாமி. கோயில் கிடாய்க்குச் செய்வதுபோலச் செய்யச் சொன்னான். மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கிடாய் சிலிர்த்தால் சாமி ஏற்றுக்கொண்டது. அப்புறம் அதைத் திருப்பி ஓட்டிவர முடியாது. அர்த்தநாரியும் சாமிபடத்து மஞ்சளைச் சொம்பில் கரைத்து, விளையாட்டாக அவன் பிடரியில் ஊற்றினார்.

கடைசித் தறியில் கேட்ட அடி இரண்டாவது தறிக்கு வந்தது. தறிச்சத்தம் இல்லை அது. புழுதியில் ஆயிரம் கால்கள் ஒன்றாக விழுந்து எழும் சத்தம். நூல்வாடையையும் எண்ணெய்வாடையையும் அமுக்கிக்கொண்டு நனைந்த ஆட்டுமயிர் வீச்சம் கூடம் முழுக்கப் பரவியது. சின்னுசாமி நிமிரவில்லை. சிரிப்பும் நின்றிருந்தது.

"மாப்ள, எந்திரி. உங்கக்கா ஊட்டுல சோறு போட்டு வெச்சிருக்கா."



ஈரந்தானுங்கண்ணா, தொடச்சு உடுங்க என்றான் வெள்ளியங்கிரி. அர்த்தநாரி துண்டை வைத்து அழுத்தித் துடைத்தார். துடைக்கத் துடைக்க மஞ்சள் ஊறியது. துண்டுக்கடியில் தோல் சொரசொரத்தது.

கால்சத்தம் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

"சிலிர்க்காத சாமி," என்று கெஞ்சினார். "உன் காலப் புடிக்கறேன். சிலிர்த்துறாத."

ஒரு நடுக்கம். பிடரியில் தொடங்கியது. முதுகில் இறங்கியது. காதுகள் உதறின. மஞ்சள் துளிகள் சுவரெல்லாம்.

சின்னுசாமி எழுந்தான். தறிக்கு நடந்தான். அதில் விரித்திருந்த வெள்ளைப் பாவுநூலின் மேல் தானாகக் கழுத்தை நீட்டினான். அந்தக் கழுத்தின்மேல் ஒரு நிழல். ஓங்கிய கையோடு. ஆள் இல்லை.

வெள்ளியங்கிரி சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"நெசந்தானுங்கண்ணா," என்றான். "சிலிர்த்துட்டானுங்க."