இருட்டில் அரை மணி

பொறியாளர் செத்துக் கிடந்தார்.

ஆய்வகத்தில். நாற்காலியில். தூங்குவதுபோல.

மாரடைப்பு என்றார்கள். வயிற்றிலிருந்த காப்பியில் தூக்க மாத்திரை என்றது பிரேதப் பரிசோதனை... பத்துக்குக் குறையாமல்!

மறுநாள் இன்ஸ்பெக்டர் அவர் மனைவியை அங்கேயே விசாரித்தாள்.

"ஃப்ளாஸ்க்ல காப்பி கொடுத்தது நீங்க. தூக்க மாத்திரை சாப்பிடுறதும் நீங்க."

"எனக்குத்தான் மேடம் தூக்கம் வராது. அவர் படுத்தா இடி விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டார்."

சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.

"ஃப்ளாஸ்க்கைக் கழுவினது யாரு?"

"அவரே கழுவிடுவார்," என்றார் ஆய்வகத் தலைவரான டாக்டர். "இல்லையா அண்ணி?"

"ஆமா... அவருக்கு அது பழக்கம்."

இனி வேறு யார்மேலும் சந்தேகம் போகாது. தன் கழுத்துக்குத் தானே சுருக்கு!

"நீங்க எப்போ வந்தீங்க, டாக்டர்?"

"நேத்து மத்தியானம் மூணு மணிக்கு. பார்த்ததும் உங்களுக்கு ஃபோன் பண்ணேன்."

"இந்தத் தொட்டி?"

"வலி மாத்திரை கரைச்ச தண்ணி. வினையூக்கித் தூளைப் போட்டு விளக்கைப் போட்டா, வெளிச்சத்துல மருந்து சிதைஞ்சிடும். சவ்வு தூளை வடிகட்டிடும்."

"இந்த மெஷின் வேலை செய்யலேன்னு பொறியாளர் அறிக்கை எழுதி வெச்சிருக்காரே?"

"அண்ணன் அவசரக்காரர்."

"வடிகட்டின தண்ணியச் சோதிச்சாச்சு. ஒண்ணுமே இல்ல."

"இருக்காது!"

டாக்டர் பெருமையோடு சிரித்தார்.

இன்ஸ்பெக்டர் எழுந்தாள். "ஸ்டேஷனுக்குக் கிளம்பலாமா, அம்மா?"

மனைவி செருப்பைத் தேடினாள்.

அப்போது குளிர்பெட்டி அருகிலிருந்து பாட்டில் கழுவும் அக்கா குரல் கொடுத்தாள்.

"டாக்டர்! நேத்து பிடிச்ச முதல் பாட்டிலக் கழுவவா, வேணுமா?"

டாக்டர் சட்டென்று குளிர்பெட்டிப் பக்கம் திரும்பினார்.

"என்ன பாட்டில்?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"தூளைப் போட்டு அரை மணி இருட்டுல வெப்பாங்கம்மா. லைட்டப் போடுறதுக்கு முன்னாடி ஒரு பாட்டில் பிடிச்சாகணும். மறந்தா டாக்டர் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவார்!"

பாட்டிலில் சீட்டு. நேற்றைய தேதி. காலை 10.30.

கீழே டாக்டரின் கையெழுத்து!

"மூணு மணிக்கு வந்தேன்னீங்க?"

"பழக்கதோஷம்," என்றார் டாக்டர் மெல்ல.

பாட்டில் சோதனைக்குப் போனது. மாலையில் முடிவு வந்தது.

வலி மாத்திரை. காப்பி.

தூக்க மாத்திரை...!

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்க. நீங்க மிச்சக் காப்பியைத் தொட்டியில மறைச்சிருக்கீங்க," என்றாள் இன்ஸ்பெக்டர். "அம்மா, நீங்க வீட்டுக்குப் போங்க."

டாக்டர் கைகளை நீட்டினார். விலங்கு பூட்டும்போது கேட்டார்.

"முதல் பாட்டில்ல எவ்வளவு இருந்தது?"

"நிறைய."

"கடைசியில?"

"பூஜ்யம்."

அவர் முகம் மலர்ந்தது. "அப்போ மெஷின் வேலை செய்யுது!"

"செய்யுது, டாக்டர். உங்க கண்டுபிடிப்பைக் கோர்ட்டுலயே வெளியிட்டுடலாம்."