மூன்று தட்டு

தம்பியின் வலது கைக்கு விலை வைத்தால் ஷெட்டையே எழுதிக் கொடுத்தாலும் கட்டாது. மோதிர விரல் பாதிதான் என்பதற்காகத் தள்ளுபடியும் கிடையாது. பழைய கார் வாங்கி விற்கும் தரகர் இப்படித்தான் எல்லோரிடமும் பெருமையடிப்பார். பேரம் நடக்கும்போது, வண்டியைச் சோதிப்பது போல அந்தக் கை தகரத்தில் தட்டும். ஒரு தட்டு: போதாது. இரண்டு: பொறு. மூன்று: முடி. பதிலுக்கு அண்ணனான தரகரும் மூன்று தட்டிவிட்டால் வியாபாரம் முடிந்தது. அதற்குப் பிறகு பேச்சு மாறியதே இல்லை.

இன்று காலை அந்தக் கைக்கு வேலையே இருக்கவில்லை. சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். தரகர் வாய்கூசாமல் அடிமாட்டு விலைக்குக் கேட்டார். விற்றவர் சாவியை நீட்டிவிட்டு, வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்துவிட்டார். முகம் சுளிக்காமல் விற்கும் ஆளைத் தரகர் அதுவரை பார்த்ததில்லை. வழியெல்லாம் அதையே தம்பியிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

இருக்கைகளுக்குப் பின்னால்தான் என்ஜின். ஷெட்டில் நிறுத்தி மூடியைத் தூக்கினால், உட்புறத்தில் சூடு தாங்காமல் பெயின்ட் கொப்பளித்திருந்தது. நான்கு திட்டுகள்.

"கை வச்ச மாதிரி இல்ல?" என்றான் தம்பி.

"கையோ காலோ, முன்னாடியே பாத்திருந்தா அதைச் சொல்லி இன்னும் குறைச்சிருக்கலாம்."

என்ஜினை அணைத்தால் சூடான இரும்பு சுருங்கும்போது டிக் டிக்கென்று முனகும், பிறகு மெல்ல அடங்கும், அது எந்த வண்டிக்கும் உள்ளதுதான். ஆனால் இது அணைத்து வெகுநேரம் ஆகியும், மதிய வெயிலுக்குப் பாதி இறக்கிய ஷட்டருக்குள், கருகிய ஒயர் உறையின் நாற்றத்தைப் பரப்பியபடி, நிமிடத்துக்கு நிமிடம் சூடேறிக்கொண்டிருந்தது. உள்ளே எதுவோ டொக்கென்று இடித்தது.

"சூட்டைத் தடுக்கற தகடு கழண்டிருக்கும். நான் உள்ள பாக்கறேன். நீங்க சீட்ல உக்காந்து சத்தம் எங்கேருந்து வருதுன்னு சொல்லுங்கண்ணே."

தரகர் உட்கார்ந்தார். முதுகில் சூடு ஒரு உள்ளங்கையைப் போல ஏறியது. கண்ணாடியில் திறந்த மூடியின் முதுகு மட்டும் தெரிந்தது.

டொக். டொக். டொக்.

அதே இடைவெளி. தம்பியின் தட்டு. யோசிப்பதற்குள் அவர் விரல்கள் ஸ்டீயரிங்கில் மூன்று முறை தட்டிவிட்டிருந்தன.

"யாருக்குண்ணே தட்றீங்க?" பின்னாலிருந்து தம்பி கேட்டான். "நான் இன்னும் எதையும் தொடவே இல்லையே."

மூடி அறைந்து சாத்திக்கொண்டது.

ஓடினார். தம்பி நின்ற இடத்தில் ஒற்றைச் செருப்பு. மூடியில் கை வைத்தார், தோல் ஒட்டிக்கொண்டது. கடப்பாரையால் நெம்பினார். கடப்பாரைதான் வளைந்தது. உள்ளே இரண்டு கைகள் தகரத்தை அறைந்தன. "அண்ணே." ஒரே ஒரு தடவை.

வாழ்நாளில் தானாக விலையை ஏற்றிப் பேசியிராத வாய் இப்போது ஏற்றியது.

"வண்டியே வேணாம். சும்மா திருப்பித் தந்துடறேன்."

டொக்.

"ஷெட்ட எடுத்துக்கோ."

டொக்.

"வீட்டை எடுத்துக்கோ. எல்லாத்தையும் எடுத்துக்கோ."

டொக்.

உள்ளே அறையும் கைகள் ஓய்ந்துகொண்டிருந்தன. அவர் மண்டியிட்டார்.

"அவனை விட்டுடு. என்னை எடுத்துக்கோ."

இம்முறை, அவசரமே இல்லாமல்:

டொக். டொக்.

பொறு.

மூடி தானாகத் திறந்தது. என்ஜின் சில்லென்றிருந்தது. தம்பியின் டார்ச் மட்டும் எரிந்தபடி கிடந்தது. ஆள் இல்லை. அவர் மூடியின் உட்புறத்தை நிமிர்ந்து பார்த்தார்.

பழையவை நான்கு. புதியவை இரண்டு, கொப்புளம் இன்னும் ஈரமாக. வலது கையில் மோதிர விரல் பாதிதான். ஆக ஆறு.

ஓரத்தில், வழவழவென்று, இரண்டு கை அளவுக்கு இடம் பாக்கி.