நிமோனியா என்றே இருக்கட்டும்

செவ்வாயின் நான்காம் குடியிருப்பில் காலையில் எழுந்ததும், பல் துலக்குவதற்கு முன்பே, எல்லோரும் மணிக்கட்டைப் பார்த்துக்கொள்வார்கள். தோலுக்கடியில் ஒளிரும் எண், இந்த ஆண்டைத் தாண்டுவதற்கு அவர்களுக்கு உள்ள வாய்ப்பு, விழுக்காட்டில். ஐம்பதுக்குக் கீழே போனவரை அடுத்த மாதக் கல்யாணத்துக்கு யாரும் அழைப்பதில்லை. வீண் சிரமம் எதற்கு?

எண்ணைக் கணிப்பது பங்கீட்டான் என்ற இயந்திரம். நுரையீரல் ஓய்ந்தவருக்காக மூச்சு விடும் ‘சுவாசி’யை யாருக்குத் தருவது என்பதும் அதன் முடிவுதான். இரத்தப் புற்றுக்காரர்களுக்குத் தராது. இதுவரை பதினொரு பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. ஏன் பிழைக்கவில்லை? சுவாசி தரவில்லை.

அப்பேர்ப்பட்ட ஊரிலும் நம்மவர்கள் போராடி ஒரு சட்டம் வாங்கியிருந்தார்கள். நோயாளியின் மனம் உடையாதிருக்க, குடும்பத்தார் நோயின் பெயரை மாற்றிப் பதியலாம். பங்கீட்டான் அதை நம்பியே தீரவேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு பொய்யை மெய்யாக்கலாம். மெய்யைப் பொய்யாக்க நோயாளி சாகும்வரை காத்திருக்க வேண்டும்.

டாக்டர் மெர்சிக்கு இந்தச் சட்டம் பிடிக்காது. மரியதாஸைச் சேர்க்க வந்த அவர் மனைவி பிரிஜித்திடம், உள்ளதை உள்ளபடி பதியச் சொன்னது அவள்தான். பிரிஜித்தும் ‘இரத்தப் புற்று’ என்று பதிந்தாள். மரியதாஸ் இப்போது மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். இரண்டு சுவாசிகள் உறைபோட்டுச் சும்மா நின்றன.

அடுத்த அறையில் கோதண்டம். அதே நோய். அவர் மனைவி தமயந்தி ‘நிமோனியா’ என்று பதிந்திருந்தாள். உடனே சுவாசி கிடைத்தது. புற்றுக்கான மருந்தைச் சத்து ஊசி என்று சொல்லி ஏற்றியதும் மெர்சிதான். பதினாறாம் நாள் கோதண்டம் எழுந்து உட்கார்ந்து, சட்னி கெட்டியாக வேண்டும் என்றார்.

மெர்சி தமயந்தியிடம் ஓடினாள். இரத்தப் புற்றில் ஒருவர் பிழைத்தார் என்று பதிவானால் போதும், பங்கீட்டான் சுவாசியைத் திறந்துவிடும். ஆனால் திருத்தத்துக்கு நோயாளியோ குடும்பத்தாரோ கைரேகை வைக்க வேண்டும்.

“ஒரு ரேகைதான்க்கா. பக்கத்து ரூம்ல ஒரு உசுரு நிக்குது.”

தமயந்தி அழுதாள். “அவர் கையில நம்பர் இறங்கித் தெரிஞ்சிடுமே டாக்டர். ஊசியப் பார்த்தாலே கண்ண மூடிக்கிற மனுஷன். தாங்க மாட்டார்.”

மெர்சி கோதண்டத்திடம் போனாள். வேறு நோயாக இருந்திருந்தால் என்று அவள் இழுக்க, அவர் கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“தெரியும் டாக்டரம்மா. ஒரு வருஷமாத் தெரியும். ஆனா எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சா, அவ உடைஞ்சு போயிடுவா. நிமோனியான்னே இருக்கட்டும்.”

மரியதாஸ் மத்தியானம் இரண்டரை மணிக்கு இறந்தார்.

மெர்சி பிரிஜித்தின் முன்னால் தலைகுனிந்து நின்றாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. பிரிஜித் திட்டவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

“பொண்ணுக்கு வரன் பார்க்கணும் டாக்டர். ரத்தத்துல வியாதின்னு தெரிஞ்சா எவன் வருவான்? நிமோனியான்னு போட்டுடுங்க.”

ரேகையும் வைத்தாள். பங்கீட்டான் நம்பியது. குடியிருப்பில் நிமோனியாக்காரர்கள் பிழைக்கும் விகிதம் உடனே சரிந்தது.

அடுத்த அறையில் கோதண்டத்தின் மணிக்கட்டில் எண் இரண்டு குறைந்தது. தமயந்தி சட்னி கிண்ணத்தோடு உள்ளே வருவதற்குள் அவர் சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டார்.