காலி வீடுகளின் லோடு

பிரேக்கரைத் திறந்து லைனைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொண்ட பிறகும் ஆம்பியர் மீட்டரின் முள் பூஜ்யத்துக்கு வராமல் நடுங்கிக்கொண்டிருந்ததைத் துணைமின்நிலையப் பொறியாளர் கவனித்தாள்.

மில் மூடியதிலிருந்து காலியாகக் கிடக்கும் தொழிலாளர் குடியிருப்புக்குப் போகும் லைன் அது. ஆளே இல்லாத இடத்தில் டிரான்ஸ்பார்மர் சும்மா உறுமிக்கொண்டு மின்சாரத்தைத் தின்கிறது, கழற்றிவிட்டால் மின்னிழப்பு குறையும் என்று சொன்னவளே அவள்தான். கழற்றுவதற்காக இப்போது கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் அவளுடைய தம்பி.

மீட்டரைத் தட்டினாள். முள் ஏறியது. மழை ஓய்ந்து, ஈரச் சரளையின் வாடையும் சூடேறிய எண்ணெயின் வாடையும் ஜன்னல் வழியே கலந்து வர, அறையின் வழக்கமான ரீங்காரத்துக்கு அடியில், பலர் ஒன்றாக எச்சில் விழுங்குவதுபோல ஒரு சத்தம் கேட்டது.

போன் போட்டாள்.

"எறங்குடா. லைன்ல ஏதோ ஓடுது."

"சும்மா பயமுறுத்தாதக்கா. எர்த் போட்டுட்டுத்தான் ஏறினேன். டெஸ்டர்ல ஒண்ணும் இல்ல." சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "ஆனா கம்பி வெதுவெதுன்னு இருக்குக்கா. காய்ச்சக்காரன் நெத்தி மாதிரி."

"தொடாத! எறங்கு!"

"அக்கா... வீட்டுலெல்லாம் ஆளு இருக்காங்க. வெளிய வராங்க..."

பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

ஜீப்பை அவளே விரட்டினாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கூரை சரிந்த வீடுகள், கதவில்லாத வீடுகள், வயர்களை எவனோ என்றைக்கோ உருவிக்கொண்டு போய்விட்ட வீடுகள். முதல் தெரு முழுக்க மஞ்சள் வெளிச்சம். ஒரு பல்புகூட இல்லை. வெளிச்சம் மட்டும்.

வாசல்தோறும் நிழல்கள். அண்ணாந்து பார்த்தபடி.

தம்பி பெல்ட்டில் தொங்கினான். உள்ளங்கை கம்பியோடு ஒட்டியிருந்தது. எங்கும் கருகல் இல்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. காலையில் கறுப்பாயிருந்த தலை முழுக்க நரைத்திருந்தது. கண்கள் மட்டும் உயிரோடு.

மூச்சை இழுத்தான். வீடுகள் மங்கின.

விட்டான். பளிச்சென்று எரிந்தன.

ரப்பர் கையுறையை மாட்டினாள். கம்பத்தில் சாய்த்திருந்த ஏணியில் ஏறினாள்.

"வந்துட்டேன்டா. பயப்படாத."

அவன் உதடு அசைந்தது. "வராத."

மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னொரு தரம். வரவில்லை. கையுறைக்குள் அவளுடைய விரல்கள் மெல்ல வெதுவெதுத்தன.

விட முயன்றாள்.

முடியவில்லை.

கீழே, அடுத்த தெருவில், வீடு வீடாக வெளிச்சம் வரத் தொடங்கியது.