நான்கு விரல் நூல்

மூன்று வரிசை பின்னியாகிவிட்டது. நீல நூல்பந்து ஒரு சுற்றுகூட இளைக்கவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும், எட்டு மாதப் பாப்பாவைக் காப்பகத்தில் விட வேண்டும், அங்கே ஏசி ஓயாமல் ஓடும், அதற்குள் ஸ்வெட்டரை முடித்தாக வேண்டும் என்று காலையிலிருந்து இருப்புக்கொள்ளாமல் தவித்தவள், நிறம் மாற்றிய இடத்தில் கோட்டைவிட்டிருந்தாள். முடிச்சுப் போட்டால் பாப்பாவின் தோலில் உறுத்தும் என்று மஞ்சளையும் நீலத்தையும் சேர்த்துப் பிடித்து மூன்று கண்ணி பின்னி, புது நூலின் நுனியை நான்கு விரல் நீளத்துக்குப் பின்பக்கம் தொங்கவிட்டிருந்தாள். அடுத்த வரிசையில் பந்திலிருந்து வரும் நூலை விட்டுவிட்டு அந்த நுனியை எடுத்துப் பின்னியிருக்கிறாள். பின்னுகிறவர்கள் எல்லோரும் செய்கிற அசட்டுத்தனம்தான். ஆனால் நாலைந்து கண்ணியில் நூல் தீர்ந்து குட்டு வெளிப்பட்டுவிடும்.

இது தீரவில்லை. சோபாவின் கைப்பிடி மேல் ஏறி, பின்னால் இறங்கி எங்கோ போயிருந்தது.

"என்னம்மா, முடிஞ்சுதா?" சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கணவன் கேட்டான். "அந்த ஸ்வெட்டர் முடியறதுக்குள்ள அவ காலேஜுக்கே போயிடுவா."

"சும்மா இருங்க. பாப்பா முழிச்சுக்கப் போறா."

எவ்வளவுதான் இருக்கிறது பார்ப்போம் என்று நூலை இழுத்தாள். வந்தது. ஜன்னலில் மழை ஒரே சீராக அடித்துக்கொண்டிருக்க, குழாய் நீர் சளசளக்க, முழம் முழமாக மடியில் வந்து விழுந்த நூல் மெல்ல நீலம் வெளுத்து, கோதுமை நிறமாகி, கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. முகர்ந்து பார்த்தாள். பால் வாசனை.

உள்ளறையில் பாப்பா சிரித்தாள். உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டினால் சிரிக்கிற சிரிப்பு. எழுந்துவிட்டாள், நல்லவேளை அழவில்லை என்று இவளுக்கு நிம்மதியாக இருந்தது. இன்னும் வேகமாக இழுத்தாள்.

பாப்பா சிரித்தாள்.

கை நின்றது. சிரிப்பும் நின்றது.

ஒரே ஒரு விரற்கடை இழுத்துப் பார்த்தாள்.

சிரிப்பு.

மடியிலிருந்ததைச் சோபாவில் போட்டுவிட்டு எழுந்தாள். நூல் கூடத்தைக் கடந்து உள்ளறைக் கதவின் அடியில் நுழைந்திருந்தது. அதை மிதிக்காமல் நடந்தாள். கதவைத் தள்ளினாள்.

பாப்பா தொட்டிலில் மல்லாந்து கிடந்தாள். அம்மாவைப் பார்த்துக் கைகளை ஆட்டினாள். கவுனுக்குக் கீழே முழங்கால்கள் இருந்தன. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. ரத்தமில்லை. காயமில்லை. முழங்காலைச் சுற்றி வட்டமாக, ஊசியிலிருந்து நழுவியவை மாதிரி, சின்னச் சின்னக் கண்ணிகள். திறந்தபடி. கடைசிக் கண்ணியிலிருந்து நூல் கிளம்பிக் கதவுக்கு வெளியே போயிற்று.

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றிருந்தது.

"என்னம்மா இது, வீடு பூரா நூலு?" கூடத்திலிருந்து கணவனின் குரல். "கால்ல சிக்குது பாரு. நீ பாப்பாவப் பாத்துக்க, நான் இழுத்துச் சுத்தி வச்சிடறேன்."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

அதற்குள் நூல் விறைத்தது.

பாப்பா கலகலவென்று சிரித்தாள். கண்ணிகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. ஒரு சுற்று. அடுத்த சுற்று. கவுன் மெத்தையோடு படிந்துகொண்டே வந்தது.